என் அம்மா கழற்றி மடித்து வைத்த வருஷங்கள்

என் அம்மா சகாயராணி தன் இருபது வருஷத்தைக் கழற்றிப் போட்ட காலையில் எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது, அதனால் பாயில் கிடந்த அந்தத் தோலை அப்பா பார்த்தார், நான் பார்த்தேன், பால்காரர்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தார், ஆனால் எல்லோரும் சிலிண்டரைப் பற்றித்தான் பேசினோம். பாம்பு உரித்துப் போடுமே, அது மாதிரிதான் இருந்தது. ஆனால் அகலமாக, அடியிலிருந்த கோரைப்பாயின் சிவப்புக் கோடு தெரிகிற அளவுக்கு மெல்லிசாக, வெயில் பட்ட இடத்தில் லேசான பொன் நிறமாக. நெற்றி இருந்த இடத்தில் நெற்றிச் சுருக்கம் இருந்தது, முழங்கையில் மிக்சர் போடும்போது எண்ணெய் தெறித்த தழும்பு இருந்தது, கெண்டைக்காலில் சுருண்டு புடைத்த நரம்பெல்லாம் அச்செடுத்த மாதிரி அப்படியே இருந்தது. அதிலிருந்து எழுந்து உட்கார்ந்தவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அவள் செய்த முதல் காரியம் அந்தத் தோலை எடுத்து உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நாலாக மடித்து, அதை மறுபடி இரண்டாக மடித்து, மேல் மடிப்பைப் புறங்கையால் நீவிவிட்டு அலமாரி ஓரமாக வைத்தது. பட்டுக்கடையில் வேலை பார்க்கிறவர்கள் விரிந்து கிடக்கிற எதையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக மாட்டார்கள். வந்த வில்லங்கமெல்லாம் அந்த மடிப்பிலிருந்துதான் வந்தது.

"பெனிட்டா, எதிர்வீட்டுல கரண்ட் அடுப்பு கேட்டு வாங்கிட்டு வாடி" என்றாள், எனக்கு அக்கா மாதிரி இருந்த என் அம்மா.

ஏழுநிலை சில்க்ஸ் என்று திருச்சியில் ஒரு கடை. பெயருக்கு ஏற்ற மாதிரி ஏழு மாடி, மாடிக்கு மாடி குளிர்ச்சி, மாடிக்கு மாடி சாம்பிராணி வாசனை, நாலாவது மாடி முழுக்கக் கல்யாணப் பட்டு. கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு மெத்தை வைத்த இருக்கை, காபி, குழந்தைக்கு பலூன். இந்தப் பக்கம் என் அம்மா, நின்றபடி. காலையில் ஷட்டர் ஏறும்போது நின்றவள் ராத்திரி ஷட்டர் இறங்கும்போதும் நின்றுகொண்டிருப்பாள். நடுவில் சோற்று நேரம் என்று ஒரு கொட்டாவி விடுகிற நேரம். அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற நூர்ஜஹான் அக்கா மூட்டு தாங்காதபோது, "பாத்ரூம்லயாவது போய் உக்காந்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவார், ஒன்றும் வராமலே போய் மூடி போட்ட கம்மோடில் உட்கார்ந்துவிட்டு வருவார். நான் இதை மிகைப்படுத்தவில்லை. கழிவறை நாற்காலியாக இருந்த ஒரு கட்டடத்தில்தான் உங்கள் வீட்டுக் கல்யாணப் புடவைகளை எடுத்தீர்கள்.

கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே வந்தது. வந்த சட்டம் நாலாவது மாடிக்கு ஏறி வரவில்லை, லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தானே. போன வருஷம் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவில், வாங்க வந்த அத்தனை பேர் முன்னாலும், அம்மா மேனேஜர் தண்டபாணியைப் பார்த்து, "சட்டம் வந்து எத்தன நாளாச்சு, நாற்காலி எங்க சார்?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. இன்னும் ஒரு டஜன் பிளவுஸ் பிட் வரவில்லையே என்று கேட்கிற மாதிரி கேட்டாள். வாங்க வந்த பெண்கள் தாங்கள் உட்கார்ந்திருந்த மெத்தையை ஒருமுறை குனிந்து பார்த்தார்கள். சாயங்காலம் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. பெண்களே அதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள்: ஒரு கல்யாணக் கூட்டத்தைத் திருப்தியாக அனுப்பி வைத்தவள் அடுத்த கூட்டம் வரும்வரை உட்காரலாம்.

ஸ்டூல் வந்த அடுத்த மாதம் மாத்திரையும் வந்தது.

"பதினாறு" என்று பெயர். ஊழியர் நலத் திட்டமாம். டப்பாவின் முன்பக்கம் ஒரு பெண் தன் கன்னத்தையே தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இது மருந்தல்ல, உணவுச் சத்து, எந்த நோயையும் குணப்படுத்துவதாக நாங்கள் சொல்லவில்லை என்று இருந்தது. கூடவே ஒரு வாய்வழி உத்தரவும் வந்தது: இனிமேல் நாலாவது மாடியில் வயது தெரிகிற முகங்கள் வேண்டாம், தெரிகிறவர்கள் அடித்தளத்துக் குடோனில் மடிக்கிற வேலைக்குப் போகலாம், கட்டாயம் ஒன்றுமில்லை.

நான் உயிர்வேதியியல் படிக்கிறவள். என் கையில் அந்த டப்பா கிடைத்ததும் சும்மா இருப்பேனா? அம்மாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். இதில் இருக்கிற சரக்கைக் கொடுத்து எலிகளுக்குக் கொஞ்சம் ஆயுள் கூடியிருக்கிறது, அதுவும் எல்லா எலிக்கும் இல்லை, மனிதர்களிடம் செய்த சோதனை சின்னது, குறைந்த காலத்துக்கு நடந்தது, விற்கிறவனே காசு போட்டு நடத்தியது, டப்பாவில் எழுதியிருக்கிற அளவுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை, ஈரலுக்கு என்ன ஆகும் என்று தெரியாது.

அம்மா சோற்றுத் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்த எலிங்கள நிக்க வச்சாங்களாடி?"

"என்னம்மா?"

"இல்ல, பத்து மணி நேரம் நிக்க வச்சு, சிரிச்ச மூஞ்சியாவும் இருக்கச் சொல்லி, அப்பறம் இதக் குடுத்துப் பாத்தாங்களான்னு கேட்டேன்."

"நான் சீரியஸா பேசுறேன்."

"நானும் அதத்தான் பேசுறேன். குடோன்ல ஜன்னலு கெடையாது பெனி. அங்க போன மேரி அக்கா மதியமா சாயங்காலமான்னு தெரியாம ஜெபம் சொல்லிக்கிட்டு இருக்கு. வேல செய்யாத மாத்திரைன்னா ஒண்ணும் ஆவாது. செஞ்சா நல்லதுதான?"

நிற்கவைத்த எலிகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் வந்ததில்லை. அந்த ஆத்திரத்தில் நான் சாப்பிடாமல் எழுந்து போனேன். வேலை செய்யாவிட்டால் அது ஏமாற்று, வேலை செய்தால் அதைவிடக் கேவலம் என்று சொல்லத் தெரிந்தது பிறகுதான்.

மாத்திரை வேலை செய்தது. நாலாவது மாடிப் பெண்கள் எல்லோரும் அடுத்தடுத்து உரித்தார்கள், எங்கள் மேலப்புதூர் அதை மழைக்காலத்து டெங்குவை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஏற்றுக்கொண்டது. எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "ஒங்களுக்குக் கழுத்து சரியா உரிஞ்சிருக்கு, எங்க கொழுந்தியாளுக்குத் தாடையோட நின்னுபோச்சு" என்று பைப்படியில் விசாரித்துக்கொண்டார்கள். குப்பை வண்டியோடு வருகிற அஞ்சலை அக்கா, "இது மக்குமா மக்காதா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று பச்சைத் தொட்டிக்கும் நீலத் தொட்டிக்கும் நடுவில் நின்று சண்டை போட்டார், மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்து, வயசு மக்காதாம் என்று அறிவித்தார். ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் கைரேகை விழவில்லை. ஆனால் அது முன்னாலும் விழுந்ததில்லை என்பதால் கடைக்காரர் வழக்கம்போலத் திட்டிவிட்டு வழக்கம்போல அரிசி போட்டார். கோயிலில் பங்குச் சாமியார் அம்மாவை அன்னையர் வரிசையில் உட்காரச் சொல்வதா, இளையோர் பாடகர் குழுவில் சேர்ப்பதா என்று குழம்பி, இரண்டுக்கும் நடுத் தூணருகில் நிற்கச் சொன்னார். பாருங்கள், அங்கேயும் நிற்கத்தான். ஆட்டோ ஓட்டுகிற என் அப்பா ஒரு வாரம் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவே வெட்கப்பட்டு, அப்புறம் நரைத்த மீசையைச் சிரைத்துக்கொண்டார். அதில் அவர் இன்னும் கிழவராகத் தெரிந்தார். ரீல்ஸ் எடுக்கிற பையன்கள் வந்தார்கள், அம்மாவையும் என்னையும் சேர்த்து நிறுத்தி, இதில் யார் அம்மா என்று ஊரைக் கேட்டார்கள். ஊர் என்னைத்தான் சொன்னது. கண்ணாடியும் கோபமும்தான் காரணமாக இருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கால் வலி போய்விட்டது. ராத்திரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு முனகுகிறவள், அவள் பாட்டுக்கு மாடிப்படியைத் தாவி ஏறினாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான்தான் தப்போ என்று தோன்றியது.

பிறகு கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: கடை கொடுத்த மாத்திரையில் உரிந்தது கடைக்குச் சொந்தம், உரித்ததைக் கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும், சுகாதாரமான முறையில் அழிக்கப்படும். அம்மா அலமாரியிலிருந்து தோலை எடுத்து, கவர் போட்டு, பையில் வைத்தாள்.

"ஏம்மா குடுக்குற? ஒன் ஒடம்பும்மா அது. நான் பொறந்தது, அப்பாவோட சண்ட போட்டது எல்லாம் அதுல கெடக்கு."

"அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குடி. ஒண்ணும் மறக்கல."

"அப்பறம் ஏன் குடுக்குற?"

"சார் கேட்டாருல்ல."

சார் கேட்டாருல்ல. ஆடிக் கூட்டத்துக்கு நடுவில் நாற்காலி கேட்டவளின் வாயிலிருந்து வந்த வார்த்தை இது. அவள் சொன்னது நிஜம், எதுவும் மறக்கவில்லை. தண்டபாணியிடம் தான் கேட்ட கேள்விகூட வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. ஆனால் யாரோ சொல்லிக் கேட்ட சங்கதியைச் சொல்கிற மாதிரி, "அப்படியா பேசுனேன், எம்மாடி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருபத்தாறு வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவள் அப்படித்தான் இருந்தாளாம். கேட்கத் துணிவதற்கு இருபது வருஷம் நின்றிருக்கிறாள், அந்த இருபது வருஷம்தான் இப்போது கவர் போட்டுப் பைக்குள் இருந்தது.

மறுநாள் நான் நாலாவது மாடிக்குப் போனேன். சிவப்பு ஸ்டூலைக் காணோம். வரிசையாகப் பெண்கள், ஒரே வயதில், ஒரே சிரிப்பில், அடுக்கி வைத்த மாதிரி நின்றிருந்தார்கள்.

தண்டபாணி தன்மையான மனிதர், அதுதான் எரிச்சல். "வாம்மா, சகாயராணி பொண்ணுதான? காபி குடிக்கிறியா?"

"ஸ்டூல் எங்க சார்?"

"யாரும் உக்காரலையேம்மா. சும்மா கெடந்தா எடம் அடைக்குதுன்னு எடுத்தாச்சு. நான் யாரையாவது உக்காராதன்னு சொன்னேனா? நீயே கேளு."

நான் திரும்பி நூர்ஜஹான் அக்காவைக் கேட்டேன். அக்கா என்று கூப்பிட நாக்கு கூசியது, என் வகுப்புத் தோழி மாதிரி இருந்தார். "இல்ல பாப்பா, கால் ஒண்ணும் வலிக்கலியே" என்றார், மேனேஜரைப் பார்த்துக்கொண்டே.

"வலிக்கிறதுக்குள்ள கேக்கணும்கா. திரும்ப வலிக்கும். அப்பறம் திரும்ப மாத்திரை குடுப்பாங்க. திரும்பத் திரும்ப மொதல் மாசமாவே இருப்பீங்க."

"மெதுவா பேசு பெனி" என்று என் அம்மா என் கையைக் கிள்ளினாள். "சார் தப்பா நெனைக்கப் போறாரு."

தண்டபாணி சிரித்தார். "படிக்கிற புள்ள, வேகம் இருக்கும்" என்றார். ஒருவனை அடித்துவிட்டு அமைதியாகப் படி இறங்கிப் போவது எப்படி என்று யோசித்துக்கொண்டே நான் அடிக்காமல் இறங்கினேன்.

தோல்களை அவர்கள் அழிக்கவில்லை. அழிக்க முடியாது, வயசுதான் மக்காதே. குடோனில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை மேரி அக்காவும் மற்றவர்களும் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒவ்வொன்றும் கடை மடிப்பில், நாலாக, இரண்டாக, மேல் மடிப்பு நீவிவிட்டு, கவரோடு இருந்தது. ஜன்னல் இல்லாத வெளிச்சத்தில் அது பொன் நிறத்து டிஷ்யூப் பட்டு மாதிரியே மின்னியது. ஏழுநிலை சில்க்ஸில் மடிப்பில் இருக்கிற எதையும் விற்காமல் விட்டதில்லை. ஸ்டிக்கர் ஒட்டி நாலாவது மாடிக்கே அனுப்பிவிட்டார்கள். தாங்கள் கழற்றிக் கொடுத்ததைத் தாங்களே விரித்துக் காட்டி, "ஒடம்போட ஒட்டும்மா, எடையே தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெண்கள் விற்றார்கள். அடையாளம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். இருபத்தாறு வயதில் யாருக்குத் தன் கிழத்தோல் அடையாளம் தெரியும்?

அந்த முகூர்த்த மாதம் ஊரில் பெண்கள் உட்கார ஆரம்பித்தார்கள். தில்லைநகர் மண்டபம் ஒன்றில் ரிசப்ஷன் மேடையில் மணிக்கணக்காக நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண், மாலையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, "பாத்ரூம்லயாவது போய் உக்காந்துட்டு வர்றேன்" என்று போனவள், பந்தி முடியும்வரை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மார்க்குக்காக வரிசையில் நிறுத்தப்பட்ட தாய்மார்கள் வராந்தாவிலேயே சப்பணம் போட்டார்கள். பந்தியில் கடைசியாகச் சாப்பிட வேண்டிய மருமகள் முதல் இலையில் உட்கார்ந்தாள். ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது, இந்த வருஷம் டிஷ்யூ கொஞ்சம் சூடு போல என்றது. புருஷன்மார்கள் புடவையும் கையுமாகக் கடைக்கு வந்தார்கள். விற்ற சரக்கு வாபஸ் இல்லை என்று தண்டபாணி தன்மையாகச் சொல்லி அனுப்பினார்.

கல்யாணப் பெண்ணின் கதையை எனக்குச் சொன்னவள் என் வகுப்புத் தோழி, அந்தப் பெண்ணின் சித்தி மகள். பாத்ரூம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பஸ் பிடித்து ஓடினேன், நாலு மாடியும் படியில் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது, கடையின் பழைய வாடிக்கையாளர் விசாலாட்சி ஆச்சி எனக்கு முன்னாலேயே வந்து மெத்தையில் உட்கார்ந்து, கட்டியிருந்த பொன் நிறப் புடவையோடு, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதக் கட்டுனதுலேருந்து என் காலு என் காலா இல்லப்பா. நான் கார விட்டு எறங்காதவ. எனக்கு எப்படி நரம்பு சுருட்டும்?"

"ஆச்சி, அது வந்து ஜரிகை..." என்றார் தண்டபாணி.

ஆச்சியின் பார்வை மேஜைக்கு அந்தப் பக்கம் போனது. "நீ ஏண்டியம்மா நிக்கிற?" என்று என் அம்மாவைக் கேட்டார். பிறகு திரும்பி, ஒரு டஜன் பிளவுஸ் பிட் குறைகிறது என்று சொல்கிற குரலில், "சட்டம் வந்து எத்தன நாளாச்சு, நாற்காலி எங்க சார்?" என்றார். சொல்லிவிட்டு, "ஆத்தாடி, நானா பேசுனேன்?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆச்சியின் முந்தானையைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலால் தேடினாள். எண்ணெய் தெறித்த தழும்பு விரலில் பட்டது.

"சார், இது டிஷ்யூ இல்ல" என்றாள், ரொம்ப மெதுவாக. "இது என்னோடது."

"எடுத்துக்கோ தாயீ, புண்ணியமாப் போகும்" என்று ஆச்சி உடை மாற்றுகிற அறைக்குள் போய், கடையின் பருத்திச் சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, தோலைச் சுருட்டி அம்மாவின் கையில் கொடுத்தார். வாங்கியதும் அம்மாவின் கை தானாக அதை உதறி ஓரத்தோடு ஓரம் சேர்த்தது. நாலாக மடிக்கப் போய், பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போட்டுக்கிட்டா கால் வலி வந்துரும்ல?"

"வரும்மா."

"நரைச்சிரும்."

"ம்."

"குடோன்தான் அப்பறம்." தோலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீ சொல்லேன் பெனி. இவ்வளவு பேசுவியே."

என் கையில் எல்லாப் பதிலும் இருந்தது. எலி, ஈரல், சட்டம், டப்பாவின் பின்பக்கத்து எறும்பு எழுத்து. அதில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

"நான் பத்து மணி நேரம் நின்னதில்லம்மா. நீதான் சொல்லணும்."

அம்மா தன் காலைக் குனிந்து பார்த்தாள். நரம்பு சுருளாத, வழுவழுவென்ற, இருபத்தாறு வயதுக் கால். கொஞ்ச நேரம் அதில் நின்று பார்த்தாள். பிறகு தோலை மடிக்காமல், விரித்து, குளிர்காலத்தில் போர்வையை இழுத்து மூடுகிற மாதிரி தலையோடு போர்த்திக்கொண்டாள். அது அவள் மேல் இறங்கியது. நெற்றியில் சுருக்கம் வந்தது, காதோரம் வெளுத்தது, கெண்டைக்காலில் நீலம் சுருண்டு ஏறியபோது வலியில் "மாதாவே" என்று பல்லைக் கடித்தாள். என் அம்மா.

"சகாயராணி, படியில கீழ போ, மேரிகிட்ட..." என்று ஆரம்பித்தார் தண்டபாணி.

அம்மா படிப் பக்கம் போகவில்லை. ஆச்சிக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் மெத்தையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மாடி முழுக்க அது கேட்டது.

"அந்த மேல் தட்டுல, வலது கோடியில இருக்கே, கிளிப்பச்ச. அத எடுத்து விரிங்க சார், பாப்போம்."

தண்டபாணி ஆச்சியைப் பார்த்தார். வாங்க வந்து உட்கார்ந்திருந்த மற்றவர்களைப் பார்த்தார். அவர்களில் பொன் நிறப் புடவை கட்டியவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் போய், எக்கி நின்று, கிளிப்பச்சையைத் தேட ஆரம்பித்தார்.

"அது இல்ல சார், அதுக்கு அடுத்தது" என்றாள் அம்மா. "அதுவும் இல்ல."

வரிசையிலிருந்து நூர்ஜஹான் அக்கா மட்டும் கலைந்து வந்தார். கன்னத்தில் ஒரு சுருக்கமில்லை, ஆனால் இந்தமுறை மேனேஜரைப் பார்க்கவில்லை.

"அக்கா, என்னோடது அந்தக் கல்யாணப் பொண்ணுகிட்டயா இருக்கு? கேட்டா தருவாளா?"

அம்மா மெத்தையில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"தேடலாம். மொதல்ல உக்காரு."